தள்ளுபடி கேட்பதை நிறுத்திய பிறகு

திருமணமாகிப் பத்து வருடம் ஆனதற்கு மனைவிக்கு ஒரு வைர மோதிரம் வாங்கலாம் என்று இருவரும் கிளம்பினோம். பேரம் என்றாலே எனக்குக் கூச்சம். அதனால் முதல் கடையில் விற்பனையாளர் தானாகவே 30 சதவீதம் தள்ளுபடி என்றதும் பாதி வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மோதிரத்தில் பதித்த 1.01 காரட் எடையுள்ள வட்டக் கல். நிறம் ஜி, அதாவது கிட்டத்தட்ட நிறமே இல்லாதது; தெளிவு விஎஸ்2, அதாவது உள்ளே மிகச் சிறிய குறைகள் மட்டும்; வைரங்களைத் தரம்பிரிக்கும் ஜிஐஏ ஆய்வகத்தின் சான்றிதழும் உண்டு. முன்பணம் எடுக்கப் போனேன். மனைவிதான், "சான்றிதழை ஒரு போட்டோ எடுத்துக்கங்க, நாளைக்குச் சொல்லலாம்" என்று கையைப் பிடித்தாள்.

அன்று இரவு அந்தத் தாளை வரி வரியாகப் படித்தேன். எடை, நிறம், தெளிவு மூன்றையும் கடையில் வாய் ஓயாமல் சொன்னார்கள். அளவுகள் என்று ஒரு வரி இருந்தது, அதை மட்டும் யாரும் வாசித்துக் காட்டவில்லை. விட்டம் 6.25 மில்லிமீட்டர், ஆழம் அந்த விட்டத்தில் 64.5 சதவீதம். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வட்டக் கல் 6.4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். அப்படியென்றால் மிச்ச எடை எங்கே? கல்லின் அடிவயிற்றில். பதித்துவிட்டால் கண்ணில் படாத இடம், ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் காசு.

ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்பதற்கும் காரணம் இருக்கிறது. வைரத்துக்கு விலை காரட் கணக்கில்தான், ஆனால் அந்த காரட் விலையே 0.50, 0.90, 1.00, 1.50 என்று ஒவ்வொரு படியிலும் குதிக்கும். வியாபாரிகள் தங்களுக்குள் பார்க்கும் ராப்பபோர்ட் பட்டியலில் 0.90 முதல் 0.99 வரை ஒரு கட்டம், 1.00-ஐத் தொட்டால் அடுத்த கட்டம். அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பதற்காகவே அடியில் கனத்தை விட்டுவைக்கிறார்கள். பட்டியல் விலைகூட ஒரு தொடக்கப் புள்ளிதான், பெரும்பாலான கற்கள் அதற்குக் கீழேதான் கைமாறுகின்றன. அப்போது 30 சதவீதம் எதிலிருந்து குறைத்தார்கள்? கடையே எழுதி ஒட்டிய விலையிலிருந்து.

மறுநாளிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கேட்டேன். ஒரு கடையில் முகம் சுளித்தார்கள். இன்னொன்றில், "மொத்தமாத்தான் சார் சொல்ல முடியும்" என்றார்கள். சரி, வணக்கம் என்று எழுந்து வந்தோம். எழுந்து வருவது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நான்காவதாகப் போன இடத்தில் பதிக்காத கற்கள் இருந்தன. பதிக்காத கல்லைத்தான் எடைபோட்டுச் சரிபார்க்க முடியும். அங்கே ஒரு 0.93 காரட், அதே ஜி, அதே விஎஸ்2, வெட்டு எக்ஸலன்ட், விட்டம் 6.28. மேலிருந்து பார்த்தால் முதல் கடைக் கல்லைவிட ஒரு மயிரிழை பெரிது. சான்றிதழில் ஒளிர்வு ஸ்ட்ராங் ப்ளூ என்று இருந்தது, அதாவது புற ஊதா ஒளியில் கல் பளிச்சென்று நீலமாக ஒளிரும். சில கற்களில் இது பால்போல மங்கலாகத் தெரியும், அதனாலேயே ஜி நிறக் கற்களில் இது விலையைக் குறைக்கும். கடை விளக்கை நம்பாமல் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தோம். மங்கல் இல்லை.

பேரம் என்று நான் பேசியது அங்கேதான், அதுவும் நாலே வாக்கியம். இணையத்தில் விலை போட்டிருந்த, இதே தரமும் ஒளிர்வும் உள்ள மூன்று கற்களின் விலையை எடுத்து வைத்திருந்தேன். நீட்டினேன். அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, வாயைத் திறந்து நானே விலையை ஏற்றிவிடுவேனோ என்று பயம். கடைசியில் 7 சதவீதம் குறைத்தார். அதற்கு மேல் முடியாது என்றபோது நம்பும்படியாக இருந்தது. பதிலுக்கு, பத்து நாளுக்குள் வெளியே பரிசோதித்துத் திருப்தியில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். கல்லின் விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணை லென்ஸ் வழியாக மனைவி படித்துச் சொல்ல, சான்றிதழ் எண்ணோடு நான் ஒப்பிட்டேன். அப்புறம்தான் பணம்.

மூன்றாம் நாள் முதல் கடையிலிருந்து போன். இன்னும் 12 சதவீதம் குறைத்துத் தருகிறோம் சார், வாங்க என்றார்கள். ஆழத்தையும் கொஞ்சம் குறைப்பீர்களா என்று கேட்டேன்.