எத்தனை பேர் கூட வருவார்கள்?

"நான் அங்கே போயிட்டா, நம்ம சாட்ல இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் கூட வருவாங்க அக்கா?"

2022இல் ஒரு வீடியோ காலின் கடைசியில், எங்கள் தளத்தை விட்டுப் போட்டித் தளத்துக்குப் போக நினைத்த ஒரு ஸ்ட்ரீமர் (கேம் ஆடுவதை நேரலையாகக் காட்டுபவர்) என்னிடம் கேட்டது இது. "அதை முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு "சரிக்கா" என்றார். ஒப்பந்தம் முடியும் தேதி, கடைசி மாதப் பணம் எப்போது வரும் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நான் சொன்னது பொய்யில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் என் இன்னொரு திரையில் ஒரு ரிப்போர்ட் திறந்திருந்தது.

பார்ட்னர் மேனேஜர் (தளத்தின் சார்பில் ஸ்ட்ரீமர்களோடு பேசுகிறவர்) வேலை பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். பார்வையாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது ஸ்ட்ரீமரின் டாஷ்போர்டிலேயே இருக்கிறது. நோட்டிஃபிகேஷன் பார்த்து வந்தவர் இவ்வளவு, முகப்புப் பக்கத்தில் பார்த்து வந்தவர் இவ்வளவு, இன்னொரு ஸ்ட்ரீமர் ரெய்டு அனுப்பி (தன் லைவ் முடிந்ததும் தன் பார்வையாளர்களை இங்கே திருப்பிவிட்டு) வந்தவர் இவ்வளவு. அதைத் தாண்டி நிறுவனத்துக்குள் மட்டும் பார்க்கிற கணக்கு ஒன்று உண்டு. அந்த ஸ்ட்ரீமர் லைவ் வராத நாட்களில் அவருடைய வழக்கமான பார்வையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கணக்கு. தளத்தைத் திறக்கவே இல்லையா, திறந்து வேறு சேனலுக்குப் போனார்களா, போனவர்கள் அங்கே எவ்வளவு நேரம் இருந்தார்கள், சாட்டில் பேசினார்களா எல்லாம் அதில் இருக்கும்.

அந்த வருடம் தொண்டைக் கோளாறால் அவர் இரண்டு வாரம் போல லைவ் வரவில்லை. அந்த இரண்டு வாரமும் அவருடைய வழக்கமான நேரத்தில் அவருடைய ஆட்களில் பெரும்பாலானோர் எங்கள் தளத்துக்கு வந்திருந்தார்கள். அதே கேமை ஆடுகிற வேறு சேனல்களில் உட்கார்ந்து பார்த்தார்கள், பேசினார்கள், ஒன்றிரண்டு பேர் அங்கே சப்கூட (மாதக் கட்டணச் சந்தா) எடுத்தார்கள். ஒரு சிறு பகுதி மட்டும் தளத்தின் பக்கமே வரவில்லை. எங்கள் கணக்குப்படி அந்தச் சிறு பகுதிதான் அவருடையது. மற்றவர்கள் அந்த கேமுக்கும், அந்த நேரத்துக்கும், எங்கள் முகப்புப் பக்கத்துக்கும் உரியவர்கள்.

போட்டித் தளம் தருவதாகச் சொன்ன தொகையை நாங்களும் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்வதா, விட்டுவிடுவதா என்ற முடிவு அந்த ஒரு பக்கத்தை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. "அவர் போனாலும் கூட்டம் நம்மகிட்டயேதான் இருக்கும்" என்று மீட்டிங்கில் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்ன இருந்தது? கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அவர் கேட்டதும் அதே கணக்கைத்தான். அவருக்கு மட்டும் அது தெரியாது.

நான் மேலே சொல்வதை வைத்து என்னைத் தீர்ப்பிட நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நான் அப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்? அவர் விட்டுப் போக நினைக்கிற தளத்தின் ஆள் நான். "உங்க பின்னாடி யாரும் வர மாட்டாங்க" என்று நான் சொல்லியிருந்தால் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்? பேரம் பேசுகிறேன், பயமுறுத்துகிறேன் என்றுதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதோடு அது நிறுவனத்தின் உள்கணக்கு. வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது மைக்ரோசாஃப்ட் நடத்திய மிக்சர் என்ற நேரலைத் தளத்தின் கதையைத்தான். பெரிய நேரலைத் தளமான ட்விட்சில் நிஞ்சா என்ற ஸ்ட்ரீமருக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல் ஃபாலோயர்கள் இருந்தார்கள். 2018 மார்ச்சில் பாடகர் டிரேக்குடன் அவர் ஃபோர்ட்நைட் ஆடியபோது ஒரே நேரத்தில் 6 லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அவரை மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் மிக்சருக்குக் கொண்டுபோனது. அக்டோபரில் இன்னொரு பெரிய ஸ்ட்ரீமரான ஷ்ரவுடும் போனார். 2020 ஜூன் 22 அன்று மிக்சரை மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 22இல் மூடியே விட்டார்கள். செப்டம்பருக்குள் இருவரும் ட்விட்சுக்கே திரும்பிவிட்டார்கள்.

இதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் "நட்சத்திரம் போகும், கூட்டம் போகாது" என்பது. ஆனால் நிஞ்சா போன பிறகு நடந்த இன்னொன்றுதான் என் மனதில் தங்கியிருக்கிறது. அவருடைய பழைய ட்விட்ச் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு வேறு ஸ்ட்ரீமர்களைப் பரிந்துரைத்துக் காட்டினார்கள். அதில் ஒருநாள் ஆபாச வீடியோ ஒன்று முதலிடத்தில் வந்துவிட, ட்விட்சின் தலைமை அதிகாரி எம்மெட் ஷியர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். வெளியே பேசப்பட்டது ஆபாச வீடியோவும் மன்னிப்பும்தான். எனக்கு அதற்கு முந்தைய படிதான் முக்கியம். ஒருவரைத் தேடி வருகிறவரை, அவர் இல்லாத வாசலிலேயே நிறுத்தி வேறு ஆளைக் காட்டுவது. கொஞ்சம் நாசூக்காக எல்லாத் தளங்களும் இதைச் செய்கின்றன. எங்கள் ஸ்ட்ரீமர் போன அன்றே முகப்புப் பக்கத்தில் அவர் இருந்த இடத்தில் அதே கேம் ஆடுகிற இன்னொருவர் வந்துவிட்டார். அந்தப் பெயரைப் பரிந்துரைத்துப் பட்டியல் அனுப்பியது நான்தான். அது என் வேலை, செய்தேன்.

இப்படிப் பார்த்தால் அந்த ரிப்போர்ட் சொன்னது வெறும் கணிப்பு மட்டும் இல்லை. அவர் பின்னால் போகக்கூடியவர்களை நிறுத்திவைக்கும் வேலையை நாங்களே செய்துகொண்டு, அவர் பின்னால் யாரும் போக மாட்டார்கள் என்று கணக்கும் போட்டோம். இதை நினைக்கும்போதுதான் "யாராலயும் சொல்ல முடியாது" என்ற பதில் என்னை உறுத்துகிறது.

இன்னொரு நாள் இதையே வேறு மாதிரி யோசிப்பேன். இரண்டு வாரம் லீவு எடுப்பதும் தளம் மாறுவதும் ஒன்றா? லீவில் இருப்பவர் திரும்பி வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரைத் தேடிக்கொண்டு யாரும் இன்னொரு ஆப் டவுன்லோட் செய்யப் போவதில்லை. ஆக, அந்த ரிப்போர்ட் அளந்தது அவர் கேட்ட கேள்வியே இல்லை என்று வாதாடலாம். தென்கொரியாவில் ட்விட்ச் 2024 பிப்ரவரி 27 அன்று கடையைக் கட்டியது. மற்ற பெரும்பாலான நாடுகளைவிட அங்கே நெட்வொர்க் கட்டணம் 10 மடங்கு என்று அதன் தலைமை அதிகாரி டான் கிளான்சி காரணம் சொன்னார். அங்கிருந்த ஸ்ட்ரீமர்கள் கொரிய நேரலைத் தளங்களான நேவரின் சிஜிஜிக்குக்கும் அஃப்ரீக்கா டிவிக்கும் போனார்கள், பார்வையாளர்களும் போனார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் கிளம்ப வேண்டி வந்தால் மக்கள் கிளம்பத்தான் செய்கிறார்கள். எங்கள் மாதிரி ரிப்போர்ட்டை அங்கே எடுத்திருந்தால் அது அடியோடு தப்பாகப் போயிருக்கும். எனவே நான் சொன்னது உண்மைதான், யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் கொரியாவில் திரும்பிப் போக ட்விட்ச் இல்லை. எங்கள் ஸ்ட்ரீமரின் ஆட்களுக்கு நாங்கள் இருந்தோம்.

அவருடைய கடைசி லைவை நான் முழுதாகப் பார்த்தேன். ஒரு பார்வையாளர், பெயருக்குப் பக்கத்தில் இரண்டு வருட சப் பேட்ஜ் வைத்திருப்பவர், "இந்த பேட்ஜ் அங்கே வருமா?" என்று கேட்டார். சாட் வேகமாக ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்ட்ரீமர் அதைக் கவனிக்கவில்லை. சாட்டை ஒழுங்குபடுத்துகிற மாட் (மாடரேட்டர்) ஒருவர்தான் "வராது ப்ரோ, அங்க புதுசா ஆரம்பிக்கணும்" என்று பதில் போட்டார். அந்த ஆள் ஒரு எமோட் மட்டும் போட்டார், அந்தச் சேனலுக்கென்றே வரைந்த அழுகிற முகம். எமோட் படங்களை ஸ்ட்ரீமர் அங்கே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு வருடத்தை ஏற்ற முடியாது. இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பிடிப்புகளால்தான் ஒருவர் ஒரு தளத்தில் தங்குகிறார். அதை நாங்கள் தெரிந்தேதான் கட்டி வைத்திருக்கிறோம். அந்த பேட்ஜ்களை நான் வெறுக்கவும் இல்லை. அவற்றைப் பெருமையாக வைத்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

அவருக்கு வந்த ஆஃபரில் இரண்டு பகுதி இருந்தது. ஒன்று, மாதம் இத்தனை மணி நேரம் லைவ் வந்தால் கிடைக்கும் நிலையான தொகை. இன்னொன்று, ஒரே நேரத்தில் பார்ப்பவர்களின் சராசரி ஒரு அளவைத் தாண்டினால் வரும் போனஸ். இரண்டையும் கூட்டித்தான் அவர் என்னிடம் பேசினார். "போனஸைக் கணக்குல சேர்க்காதீங்க, நிலையான தொகை மட்டும் போதுமான்னு பாருங்க" என்று அந்த காலின் நடுவில் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைவு. என்னால் முடிந்த அளவு அதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவருக்கு அது சம்பிரதாயமான அறிவுரையாகத்தான் பட்டிருக்கும் என்பதும் தெரியும். காரணம் சொல்லாத எச்சரிக்கையை யார் மதிப்பார்கள்?

அங்கே அவர் பின்னால் போனவர்கள் எங்கள் ரிப்போர்ட் காட்டியதைவிடச் சற்று அதிகம். அவர் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. நிலையான தொகை ஒழுங்காக வந்தது. போனஸ் ஒருமுறைகூட வரவில்லை. ஒரு வருடம் முடிந்ததும் அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

அதற்குள் ஆட்டமே மாறிவிட்டது. சப் வருமானத்தில் 95 சதவீதம் ஸ்ட்ரீமருக்கே என்று சொல்லிக்கொண்டு கிக் என்ற புதுத் தளம் வந்தது. 2023 ஜூனில் எக்ஸ்கியூசி என்ற பிரபல ட்விட்ச் ஸ்ட்ரீமர் அங்கே இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ஊக்கத்தொகையோடு சேர்த்து 10 கோடி டாலர் வரை போகலாம் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பணம் இல்லை. அங்கே மட்டும்தான் லைவ் வர வேண்டும் என்ற நிபந்தனையே அதில் கிடையாது. அவர் ட்விட்சையும் விடவில்லை. அதே வருடம் அக்டோபரில் ட்விட்சும் ஒரே நேரத்தில் பல தளங்களில் லைவ் போக அனுமதி கொடுத்தது. எங்கள் தளத்திலும் அந்த விதி தளர்ந்தது. இன்றைக்கு எங்கள் ஸ்ட்ரீமர் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் லைவ் வருகிறார். இங்கே அவர் சாட் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்திருக்காது. ஆனால் 2022இல் இதை யார் அறிந்தார்கள்? நானும் அறியவில்லை, என் ரிப்போர்ட்டிலும் அது இல்லை.

திரும்பி வந்த பிறகு அவர் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அந்த ஒரு வருடப் பணத்தில் வீட்டுக் கடன் முழுவதும் அடைந்துவிட்டதாம். "போனதுல எனக்கு வருத்தமே இல்லக்கா. நீங்க அன்னைக்குச் சொன்னது நூத்துக்கு நூறு சரி, யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நான் ஒரு இதயக் குறி போட்டேன். வேறு எதுவும் எழுதவில்லை. அவர் மனநிறைவோடு இருக்கும்போது, அப்படி ஒரு கணக்கு இருந்தது என்று இப்போது சொல்லி என்ன பயன் என்று தோன்றியது. அவருடைய நிறைவு என்னுடைய நியாயம் ஆகிவிடுமா என்றும் தோன்றியது.

வருமானப் பங்கைப் பற்றி எல்லோரும் வெளிப்படையாகச் சண்டை போடுகிறார்கள். 70:30 ஒப்பந்தம் (சப் வருமானத்தில் 70 சதவீதம் ஸ்ட்ரீமருக்கு) உள்ளவர்களுக்கும் வருடத்துக்கு முதல் 1 லட்சம் டாலருக்குப் பிறகு பாதிக்குப் பாதிதான் என்று ட்விட்ச் 2022 செப்டம்பரில் அறிவித்தபோது எவ்வளவு சத்தம்! அந்தச் சத்தம் நியாயமானது, ஏனென்றால் அந்த எண் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ஒருவரைப் பற்றிய முக்கியமான எண்ணோ அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சத்தம் போடுவதில்லை. இருப்பதே தெரியாது.

போன வருடம் எங்கள் டீமில் ஒரு கோரிக்கை வைத்தேன். லீவு நாள் கணக்கை ஸ்ட்ரீமரின் டாஷ்போர்டிலேயே காட்டலாம், பெயர்கள் வேண்டாம், மொத்த விகிதம் போதும் என்று. "அதை வச்சே நம்மகிட்ட அதிகமா கேப்பாங்க" என்றார் மேனேஜர். "சில பேர் அதைப் பார்த்துட்டுக் குறைச்சலும் கேப்பாங்க" என்றேன். அதற்கு அவர் சொன்னது என்னை யோசிக்க வைத்தது. தினமும் எட்டு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்து, இவர்கள் எல்லாம் எனக்காக வருகிறார்கள் என்று நம்புகிற ஒருவரிடம் அந்த எண்ணைக் காட்டினால், மறுநாள் அவர் எந்த முகத்தோடு லைவ் வருவார்?

அது நிறுவனத்துக்கு வசதியான கேள்விதான். ஆனாலும் பொய்யான கேள்வி இல்லை. கோரிக்கையை நான் திரும்பப் பெறவில்லை. அடுத்த காலாண்டுத் திட்டத்தில் மறுபடி வைக்கப் போகிறேன், இந்தத் தடவை, பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட்டும் திறக்கிற மாதிரி.