கன்டின்ஜென்சி 10 சதவீதம்

ஈராக்கில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற வேலை எடுக்க நான் போட்டுக்கொடுத்த எஸ்டிமேட் தாளில் கடைசிக்கு முந்தின வரி அது. ஆள் கூலி, பலகை, ஆணி, விசா, விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி, அதற்குக் கீழே "கன்டின்ஜென்சி 10%" என்று போட்டிருந்தேன். மேஸ்திரி அண்ணன் அந்த வரியில் விரலை வைத்தபடி கேட்டார்.

"இந்தப் பத்து என்னத்துக்கு பிள்ளே?"

"எதிர்பாராத செலவுக்கு அண்ணா."

"எதிர்பாக்காததுன்னா, அது பத்துதான்னு எப்பிடித் தெரியும்?"

"இங்க அஞ்சு போடுவோம். அது போர் நடந்த இடம்லா, அதான் பத்து" என்றேன். சரி என்று தலையாட்டினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பலகை அடிக்கப் போய்விட்டார். 2013 அக்டோபர். தக்கலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், முதல் மாடிக் கூரைக்கு சென்ட்ரிங் நடந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அவர் கிண்டலாகக் கேட்கவில்லை, அது எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க டேப் பிடித்து அளந்த மனிதர் கேட்கிற கேள்வி அது. நான் சொன்னது அதற்குப் பதிலே இல்லை. அஞ்சு எப்படிப் பத்தானது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். செப்டம்பர் கடைசியில் எர்பில் நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. ஆறு வருடத்தில் அங்கே முதல் தடவை என்று பேப்பரில் சின்னச் செய்தியாக வந்தது. அதை வாசித்ததால் ஐந்தை அழித்துப் பத்தாக்கினேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

எர்பில் வடக்கு ஈராக்கில், குர்திஸ்தான் பகுதியின் தலைநகர். 2003 போருக்குப் பிறகு ஈராக்கின் மற்ற இடங்கள் எரிந்துகொண்டிருந்தபோது அந்தப் பகுதி ஓரளவு அமைதியாக இருந்தது. 2006-ல் அவர்கள் போட்ட முதலீட்டுச் சட்டத்தில் வெளிநாட்டுக்காரருக்கு முழு உரிமை, பத்து வருட வரிவிலக்கு என்று பல சலுகைகள். குடியிருப்புகள், ஹோட்டல்கள், புது விமான நிலையம் எல்லாம் எழும்பின. ஒரு பெரிய கம்பெனி வேலையை எடுக்கும், அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. அந்த மூன்றாவது கையிலிருந்து சென்ட்ரிங் வேலையை மட்டும் எடுக்க இங்கிருந்து ஐந்து பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு மூன்று லட்சம். பலகையும் கருவியும் இவர்கள் முதல், ஆட்களும் இவர்கள் கூட்டிப் போவது. வெறும் கூலிக்குப் போவதில்லை, முதல் போட்டுப் போகிறோம் என்பதில் அண்ணனுக்குப் பெரிய சந்தோஷம் இருந்தது.

அவர் அப்படி நம்பியதற்குக் காரணம் குவைத். 1990 ஆகஸ்ட் 2-ல் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தபோது அவர் அங்கேதான் இருந்தார். பஸ்ஸில் ஜோர்டானுக்குப் போய், அம்மானில் நாள்கணக்காகக் காத்துக் கிடந்து, பம்பாய்க்கு விமானம் ஏறியவர். ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை அப்போது கொண்டுவந்தார்கள், அதில் ஒருவர். பெட்டியைக்கூட விட்டுவிட்டு வந்தேன் என்பார். ஆனால் 1992-ல் திரும்பிப் போனார். இடிந்ததையெல்லாம் கட்டும் வேலை. தடிக்காரன்கோணம் பக்கத்தில் அவர் வாங்கிய அறுபது சென்ட் ரப்பர் விளை அந்தக் காசுதான். "போர் முடிஞ்ச எடத்துல ஆசாரிக்கும் கொத்தனுக்கும் கூலி மறுக்க மாட்டான்" என்று அடிக்கடி சொல்வார். அவர் அனுபவத்தில் அது உண்மை.

குவைத்துக்கும் ஈராக்குக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு இப்போது சொல்லத் தெரியும். குவைத் போர் ஏழு மாதத்தில் முடிந்தது, முடிந்தது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கட்டியவர்கள் சொந்தக் காசில் கட்டினார்கள். வெளிநாடுகளில் சேர்த்து வைத்திருந்த பணம் அவர்களிடம் இருந்தது. ஈராக்குக்கு, 2003 அக்டோபரில் மாட்ரிட்டில் நாடுகள் கூடி 3,300 கோடி டாலர் தருவதாகச் சொன்னார்கள். சொன்ன பணம் வேறு, வந்த பணம் வேறு. அமெரிக்கா மட்டும் ஏறக்குறைய 6,000 கோடி டாலர் செலவழித்தது. அதில் குறைந்தது 800 கோடி வீணானது என்று அவர்களே நியமித்த தணிக்கை அதிகாரி 2013 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். நான் அந்தத் தாளைப் போடுவதற்கு ஏழு மாதம் முன்பு. குர்திஸ்தான் கதை கொஞ்சம் வேறு, அவர்கள் பாக்தாத் பட்ஜெட்டில் தங்களுக்கு வரவேண்டிய 17 சதவீதத்தை நம்பிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் அப்போதே தெரிந்துகொள்ளக்கூடியதுதான். நான் தேடவில்லை. என்னிடம் கேட்டது சென்ட்ரிங் ரேட், அதைப் போட்டேன்.

அதை ஒழுங்காகத்தான் போட்டேன், இதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆசாரியும் ஒரு கையாளும் ஒரு நாளில் எவ்வளவு அடிப்பார்கள், பீம் என்றால் எவ்வளவு குறையும், பலகையை எத்தனை தடவை திரும்பப் பயன்படுத்தலாம் எல்லாம் பார்த்துப் பார்த்து எழுதினேன். பலகைக்கு எட்டுத் தடவை என்று போட்டிருந்தேன். அண்ணன் அதை உடனே பிடித்தார். "அந்த வெயிலுக்குத் தாங்காது பிள்ளே. ஓரம் பிரிஞ்சு வந்துரும். ஆறு போடு" என்றார். ஆறு என்று மாற்றியதும் பலகைச் செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறியது. அப்படியும் லாபம் நின்றது.

அதோடு சேர்த்து ஒரு அக்ரிமென்ட்டும் என்னிடம் வந்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தந்தார்கள். ஆங்கிலத்தில் பதினொரு பக்கம். ஏழாவது பக்கத்தில் ஒரு பிரிவு: மேலே உள்ள ஒப்பந்தக்காரருக்குப் பணம் வந்த பிறகே இவர்களுக்குப் பணம் தரப்படும். வாசித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, பென்சிலால் ஒரு கோடுகூட இழுத்தேன். இங்கே நாகர்கோவிலில் எல்லா சப் கான்ட்ராக்ட்டும் இப்படித்தானே என்று நினைத்து அடுத்த பக்கத்துக்குப் போனேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

இதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. இங்கே பில் வராவிட்டால் அவர் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். சாயங்காலத்துக்குள் பாதியாவது வாங்காமல் போக மாட்டார். எர்பிலில் யார் வாசலில் போய் நிற்பது? நம் நாட்டுத் தூதரக அலுவலகமே அங்கே 2016-ல்தான் திறந்தது. மேலே இருக்கிற பெரிய கம்பெனியின் நிலைமை வேறு. பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு வகுத்து, உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கும் ஃபிடிக் மாதிரி ஒப்பந்தங்களில் போர் வந்தால் என்ன செய்வது என்று தனிப் பிரிவே உண்டு. வேலையை நிறுத்தலாம், அதுவரை செய்ததற்குப் பணம் கேட்கலாம். போரால் வரும் நஷ்டத்துக்கே காப்பீடு கிடைக்கும், உலக வங்கிக் குழுமத்தில் மீகா என்று ஒரு அமைப்பு இருக்கிறது, நம் நாட்டில் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனமான ஈசிஜிசி இருக்கிறது. மூன்றாவது கைக்குக் கீழே இருக்கிற சென்ட்ரிங் மேஸ்திரிக்கு இதில் எதுவும் வந்து சேர்வதில்லை. எமிக்ரேஷன் அனுமதியோடு போகிற தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறது, விபத்தில் இறந்தால் 10 லட்சம். வராத கூலியை அது தராது. ஆக, போரில் எதிர்பாராதது என்பதன் முழு பாரமும் கடைசி ஆளின் தலையில் இறங்குகிறது. அதற்கு நான் பத்து என்று எழுதினேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2014 ஜனவரியில் போனார்கள். ரப்பர் விலை 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டே இருந்த நேரம், அண்ணி நகையைப் பணயம் வைத்துத்தான் மூன்று லட்சத்தைத் திரட்டினார்கள். முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. அந்த வருட ஆரம்பத்திலேயே எண்ணெய்த் தகராறில் பாக்தாத் குர்திஸ்தானுக்குத் தரவேண்டிய பங்கை நிறுத்திவிட்டது. அரசாங்க ஊழியர்களுக்கே சம்பளம் இழுபட்டது. மேலே பணம் நின்றது, கீழே நின்றது, ஏழாவது பக்கம் சொன்னது போலவே. இன்னும் குண்டு வெடிக்கவில்லை, துப்பாக்கி இல்லை, வேலை மட்டும் நின்றுவிட்டது. ஜூன் 10-ல் மோசுல் நகரம் ஐஎஸ் தீவிரவாதிகளிடம் விழுந்தது. எர்பிலிலிருந்து மோசுல், நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி இருக்கிற தூரம்தான். ஜூலைக் கடைசியில் ஷார்ஜா வழியாகத் திருவனந்தபுரம் வந்து இறங்கினார்கள். பலகையையும் கருவியையும் அங்கேயே விட்டுவிட்டார்கள். நாலு மாதக் கூலி வரவேயில்லை.

உயிரோடு வந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதே ஜூனில் மோசுலில் கட்டிட வேலை செய்த நம் நாட்டுத் தொழிலாளர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 39 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2018 மார்ச்சில்தான் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்கள். அவர்களுக்கும் யாரோ ஒருவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியிருப்பார். வாயால் சொன்ன கணக்காகவாவது இருந்திருக்கும். அதைப் போட்டவர் இப்போது எங்கே இருக்கிறார், என்ன நினைப்பார் என்று யோசித்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் யோசிப்பதுண்டு. நான் ஏழாவது பக்கத்தைச் சொல்லியிருந்தால் அண்ணன் போயிருக்க மாட்டாரா? போயிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. குவைத் அவருக்குள் அவ்வளவு ஆழமாக இருந்தது. மற்ற நாலு பேரும் என் தாளைப் பார்க்காமலே பணம் கட்டியவர்கள். பத்துக்குப் பதில் முப்பது போட்டிருந்தால்? லாபம் காணாமல் போயிருக்கும், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் கேட்டிருப்பார்கள். இப்படியெல்லாம் சொல்லி முடித்த பிறகும் அந்த பென்சில் கோடு மனசில் அப்படியே இருக்கிறது.

என் முதல் வேலை சுனாமிக்குப் பிறகு, குளச்சல் பக்கம் வீடு கட்டும் திட்டத்தில். அங்கேயும் எல்லாம் இழந்தவர்களுக்குக் கட்டுவதுதான். கம்பி விலையும் மணல் விலையும் ஏற ஏற, எஸ்டிமேட்டைத் திருத்திக்கொண்டே இருப்போம். ஆனால் வீட்டுக்காரர் அஸ்திவாரம் தோண்டும்போதே பக்கத்தில் நிற்பார். அடுப்பங்கரை ஜன்னல் கடலைப் பார்த்து வேண்டாம் என்று ஒரு அம்மா சொன்னதை இன்னும் மறக்கவில்லை. பிறகு இலங்கையில் போர் முடிந்து, வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீட்டுத் திட்டம் வந்தபோது பெரும்பாலான வீடுகளுக்குப் பணத்தை வீட்டுக்காரர் கணக்கிலேயே தவணையாகப் போட்டார்கள், ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய். கொத்தனாருக்குக் கூலி கொடுப்பது அந்த வீட்டுக்காரர்தான். அங்கே குறை இல்லை என்று சொல்லவில்லை, விலை ஏறினால் வீட்டுக்காரர் கடனாளி ஆவார். ஆனாலும் காசு தருகிறவர் முகம் கொத்தனாருக்குத் தெரியும். எர்பிலில் அண்ணனுக்குக் கடைசிவரை அந்தக் கட்டிடம் யாருடையது என்றே தெரியாது.

2015-ல் தக்கலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ வாங்கித் தந்தார். கடன், வட்டி, மீட்க முடியாமல் போன இரண்டு வளையல் எல்லாவற்றையும் ஊர்க்கதை போலச் சொன்னார். அப்புறம், "உன் கணக்கு சரிதான் பிள்ளே. பலகை ஆறு தடவைதான் வந்தது" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

போன மாதம் போன் செய்தார். மருமகனும் சென்ட்ரிங் வேலைதான். சிரியாவில் வேலை திறக்கப்போகிறதாம், கட்டி முடிக்க 21,600 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கி சொன்னதை யாரோ இவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பணம் இனிமேல் யாராவது தந்தால்தான் உண்டு, இருக்கிற பணம் இல்லை என்றேன். "தெரியும் பிள்ளே. ஒரு கணக்கு மட்டும் போட்டுத் தா" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். அந்த அக்ரிமென்ட்டில் ஏழாவது பக்கம் இப்படி ஒன்று இருந்தது, நான் வாசித்தேன், உங்களிடம் சொல்லவில்லை என்று.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது.

"அது எல்லா எடத்துலயும் உள்ளதுதானே" என்றார். "மண்டபக்காரன் தந்தப்பறம்தானே உங்க ஆபீஸ்லயும் எனக்குத் தந்தாங்க?"

நான் எனக்குச் சொல்லிக்கொண்ட அதே சமாதானம், அவர் வாயிலிருந்து. அவர் சொல்லிக் கேட்டபோது அது எனக்குப் போதவில்லை.

"சரி, பலகைக்கு என்ன போடுவே?"

"ஆறு போடுதேன் அண்ணா."

"ஆங். அந்தப் பத்து சதவீத வரிய மட்டும் எழுதாம விடு. அத மருமகன்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டு முடித்தேன். ஆனால் அந்த வரியை எழுதாமல் விட எனக்குக் கை வரவில்லை. இருபது என்று போட்டேன், அழித்தேன், திரும்பவும் போட்டேன். தாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.