தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர்: மே மாதக் குறிப்புகள்

8 மே 2023, திங்கள்

இன்று மட்டும் மூன்று முறை. கல்யாணப் பத்திரிகை ஒன்றில் தாய்மாமன் பெயர் மேலேயா கீழேயா என்று இரண்டு நாளாக இழுத்து, மதியம்தான் அவர்கள் வீட்டிலிருந்து முடிவு சொன்னார்கள், அதைக் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் மாற்றிக்கொண்டிருக்கும்போதே திரை டக்கென்று கறுத்து, மறுபடி முதலிலிருந்து விண்டோஸ் ஏற ஆரம்பித்துவிட்டது. விண்டோஸ் தப்பைக் கண்டு நிற்கும்போது காட்டும் நீலத்திரை வரவில்லை, ஒரு எச்சரிக்கையும் இல்லை. வைகாசி முகூர்த்தத்துக்குப் பதினொரு பத்திரிகை கையில் இருக்கிறது. வேறு எதையும் தொடும் முன் எல்லா ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டேன்.

9 மே, செவ்வாய்

சர்வீஸ் கடையில் போனிலேயே சொல்லிவிட்டார்கள்: "ஃபார்மேட் பண்ணிப் பார்க்கலாம் மேடம், கேட்கலைன்னா மதர்போர்டு மாத்தணும்." பெட்டியைப் பார்க்காமலே சொல்கிறவர்களிடம் கொடுக்க மனம் வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, ஃபார்மேட் மட்டும் பண்ணிடாத. முதல்ல, விண்டோஸ் நடந்ததை எல்லாம் பதிஞ்சு வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, எத்தனை மணிக்கு விழுந்ததுன்னு எழுது" என்றான்.

திறந்தால் சிவப்பில் கர்னல்-பவர் 41 (ஒழுங்காக அணைக்காமலே மறுபடி ஏறியது என்ற பதிவு), நேற்றைய மூன்று முறையும் பதிவாகியிருக்கிறது. உள்ளே விவரத்தில் பக்செக்கோடு என்ற வரியில் 0. விண்டோஸ் ஏதாவது தப்பைக் கண்டு தானே நின்றிருந்தால் அங்கே வேறு எண் இருக்குமாம், மினிடம்ப் ஃபோல்டரிலும் அந்தத் தப்பின் குறிப்பாக ஒரு ஃபைல் விழுந்திருக்கும். அந்த ஃபோல்டர் காலி. அப்படியென்றால் பெரும்பாலும் கரண்ட், இல்லை ஹார்டுவேர். சிஸ்டம் ப்ராப்பர்டீஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' டிக்கையும் எடுத்துவிட்டேன், நீலத்திரை வந்தால் இனி படிக்கும்படி அப்படியே நிற்கும்.

11 மே, வியாழன்

கத்திரி வெயில், அதனால் சூட்டைத்தான் சந்தேகப்பட்டேன். வேலை ஓடும்போது ப்ராசஸர் 91 டிகிரி காட்டியது. சிபியுவைத் திறந்தால், ப்ராசஸர் சூட்டை உறிஞ்சும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் கம்பளி மாதிரி தூசி. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதினேன் (சுழலவிட்டு ஊதக் கூடாது, பேரிங் கெட்டுவிடும்). இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது, துடைத்துப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன். இப்போது 68. மாலை 6:10க்கு மறுபடி விழுந்தது.

13 மே, சனி

ரேம் இரண்டையும் கழற்றி, பொன்னிறக் கால்களை ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ராத்திரி முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடியது, நான்கு சுற்று, பிழை 0. ரீசெட் பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் இப்படி ஆகும் என்று தம்பி சொன்னதால் அதன் வயரை போர்டிலிருந்து பிடுங்கி வைத்திருக்கிறேன். காலை 11:32க்கு மறுபடி விழுந்தது.

14 மே, ஞாயிறு

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் மல்டிமீட்டர் வாங்கி வந்து, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து (சுவர் கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வரும் 12 வோல்ட் மஞ்சள் வயரைப் பார்த்தேன். 12.08 வோல்ட். 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருந்தால் போதும், ஆக எஸ்.எம்.பி.எஸ் நல்லது என்று எழுதிவிட்டேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நொடியில் சில பங்கு நேரமே விழுந்து எழும் வோல்டேஜை அந்த மீட்டர் காட்டாதாம்.

16 மே, செவ்வாய்

ராத்திரி பத்தரை இருக்கும். ப்ரூஃப் எடுக்க கன்ட்ரோல் பி அடித்தேன். லேசர் பிரிண்டர் விழித்து உறுமியது, தலைக்கு மேல் ட்யூப்லைட் ஒரு தரம் மங்கியது, அதே நேரம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட். கை அப்படியே நின்றுவிட்டது.

எழுதிவைத்த நேரங்களை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நான் பிரிண்ட் கொடுத்த நேரம். மீதி ஏன் என்றால், இந்தப் பிரிண்டரில் டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃப்யூசர், சும்மா இருக்கும்போதும் சூடு இறங்காமலிருக்க அவ்வப்போது கரண்ட்டை இழுக்கும். ஏப்ரல் கடைசியில்தான் பிரிண்டரை ஹாலிலிருந்து இந்த மேசைக்குக் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் இருக்கும் அதே ஸ்பைக் பஸ்டரில் மாட்டினேன்.

17 மே, புதன்

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து மெயினை அணைத்து, அந்த ஸ்பைக் பஸ்டர் மாட்டியிருந்த சாக்கெட்டைக் கழற்றினார். நியூட்ரல் வயரின் திருகு லூஸ். வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பேறி, சுருங்கி, கையால் தொட்டதும் உதிர்ந்தது. கருகின வாசனை இன்னும் இருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா தீப்பிடிச்சிருக்கும்மா" என்றார். உள்ளே குழந்தை தூங்கும் அறைக்கும் இந்தச் சுவர்தான். வயரை வெட்டிப் புதிதாக இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட் போட்டுக் கொடுத்தார், பிரிண்டரை ஹால் லைனுக்கே மாற்றிவிட்டேன்.

19 மே, வெள்ளி

இரண்டு நாள் ஒன்றுமில்லை. இன்று காலை வீட்டு மோட்டார் போட்டதும் ஒரு முறை விழுந்தது. தம்பி விளக்கினான்: நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். நல்ல எஸ்.எம்.பி.எஸ் கரண்ட் அறுந்தாலும் ஏறக்குறைய 16 மில்லிசெகண்ட் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரை வைத்துத் தாக்குப்பிடிக்கும். கெப்பாசிட்டர் வயதாகி வற்றிவிட்டால் அந்தத் தெம்பு போய்விடும், கரண்ட் சரியாக வருகிறது என்று சொல்லி சாம்பல் வயரில் போகும் 'பவர் குட்' சிக்னல் இறங்கும், மதர்போர்டு உடனே ரீசெட் ஆகும். என்னுடையது கேபினெட்டோடு வந்தது, ஒன்பது வருஷம் ஆகிறது. அதைத் திறந்து பார்க்கட்டுமா என்றேன். "தொடாதக்கா, பிளக்கைப் பிடுங்கினப்புறமும் உள்ள சார்ஜ் நிக்கும்" என்றான்.

20 மே, சனி

450 வாட், கரண்ட் சிக்கனத்துக்கான ப்ரான்ஸ் தரத்தில் புது எஸ்.எம்.பி.எஸ், 2,600 ரூபாய். கையில் வாங்கும்போதே பழையதைவிட இரு மடங்கு கனம். மதர்போர்டுக்கு 24 பின், ப்ராசஸருக்குப் போகும் பின், ஹார்ட் டிஸ்க், இவற்றை மாட்டினால் அவ்வளவுதான். வேண்டுமென்றே பிரிண்டரைப் பழைய இடத்தில் மாட்டி, மோட்டாரையும் ஓடவிட்டு நாற்பது பக்கம் அடித்தேன். கம்ப்யூட்டர் விழாமல் தாங்கி நின்றது. அப்புறம் பிரிண்டரை ஹாலுக்கே கொண்டுபோய்விட்டேன்.

27 மே, சனி

ஏழு நாள், புதிதாக ஒரு 41 கூட இல்லை. ரீசெட் வயரைத் திரும்ப மாட்டியாச்சு. பதினொன்றில் எட்டு பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. தாய்மாமன் பெயர் மேலே.