புயல் நேரத்தில் அந்தமான் பயணம்: யார் சொன்னாலும் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகையில் புதுச்சேரிப் பக்கமிருந்து அந்தமானுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புயலால் விமானம் தடைபட்டால், நிறுவனம் தானாக ரத்து என்று அறிவிக்கும்வரை பொறுத்திருங்கள். கவுன்டரில் இருப்பவரே ரத்து செய்யச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்த நேரத்தில்தான் நானும் அம்மாவும் போக வேண்டியிருந்தது. அக்கா ஹேவ்லாக் தீவில் இருக்கிறாள். டாக்டர் நீண்ட பயணம் கூடாதென்று சொல்லிவிட்டதால் வளைகாப்பை அங்கேயே வைத்தார்கள். நாள் டிசம்பர் 5, வியாழக்கிழமை. தள்ளிப்போட வழியில்லை. மார்கழியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு வைப்பதில்லை. தை பிறப்பதற்குள் அவள் பிரசவத்துக்காகப் போர்ட் பிளேயருக்குப் போய்விட வேண்டும்.

எங்கள் விமானம் சென்னையிலிருந்து ஞாயிறு காலை. சனிக்கிழமை, நவம்பர் 30, புயல் கரையைக் கடக்கும் நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஓடாது என்று அரசு முன்பே அறிவித்துவிட்டது. அதனால் விடிந்ததும் திண்டிவனம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். கிளாம்பாக்கத்தில் இறங்கும்போதே சென்னை விமான நிலையத்தை மூடிவிட்ட செய்தி வந்தது. இரவு ஏழு மணிவரை என்றார்கள். பிறகு மறுநாள் அதிகாலைவரை என்றார்கள். பல்லாவரத்தில் அத்தை வீட்டில் தங்கினோம்.

அன்றிரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. எங்கள் வீடு ரெயின்போ நகரில். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றிவிட்டேன் என்று அப்பா சொன்னதோடு அவர் போன் அணைந்துவிட்டது. மறுநாள் புதுச்சேரி கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்பதை டிவியில் பார்த்துக்கொண்டே அம்மா திரும்பிவிடலாம் என்று அழுதார். நான் சம்மதிக்கவில்லை. பக்கத்து மாடி வீட்டில் அப்பா பத்திரமாக இருக்கிறார் என்ற தகவல் மதியம் வந்த பிறகுதான் அம்மா ஒரு வாய் சாப்பிட்டார். திங்கட்கிழமை விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களை நிறுத்திவிட்டார்கள். வழியில் இப்படி மாட்டிக்கொண்டால் ஊரும் இல்லை, விமானமும் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க இடம் இருந்தால் அங்கேயே இருங்கள்.

ஞாயிறு காலை விமான நிலையம் திறந்திருந்தது. எங்கள் விமானத்துக்கு நேராகப் பலகையில் 'தாமதம்' என்று மட்டும் இருந்தது. மணிக்கணக்காக அதே 'தாமதம்'. கவுன்டரில் இருந்த பணியாளர் தலை நிமிராமலே பேசினார். "அடுத்த இடம் வெள்ளிக்கிழமைதான். வேண்டாமென்றால் ஆப்பில் நீங்களே ரத்து செய்துகொள்ளுங்கள்." வெள்ளிக்கிழமை போய் வியாழக்கிழமை வளைகாப்பில் எப்படி நிற்பது?

எங்களுக்கு முன்னால் கைக்குழந்தையோடு நின்ற ஒரு குடும்பம் அவர் பேச்சை நம்பி அங்கேயே ரத்து செய்தது. கட்டணத்தில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் பலகையில் 'ரத்து' என்று வந்தது. அதுவரை பொறுத்திருந்தால் முழுத் தொகையும் கிடைத்திருக்கும். வானிலை காரணமென்றால் இழப்பீடு கேட்க முடியாது, உண்மைதான். ஆனால் நிறுவனமே ரத்து செய்த பயணத்துக்கு மாற்று விமானமோ முழுப் பணமோ தந்தாக வேண்டும். பயண முகவரின் இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தாலும் பணத்தைத் திருப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் கையில் போனை வைத்துக்கொண்டு நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வரிசையில் இருந்த போர்ட் பிளேயர் அரசு ஊழியர் ஒருவர்தான் வழி சொன்னார். "நேர் விமானம் கேட்காதீர்கள் தம்பி, கொல்கத்தா வழியாகக் கேளுங்கள்." கேட்டேன். முடியாது என்றார் கவுன்டர்க்காரர். மேற்பார்வையாளரைக் கூப்பிடும்வரை நகர மாட்டேன் என்று நின்றேன். வந்தவர் கணினியைப் பார்த்த சற்று நேரத்தில், திங்கள் மாலை கொல்கத்தா, செவ்வாய் காலை போர்ட் பிளேயர் என்று இடம் கிடைத்துவிட்டது. கூடுதல் கட்டணம் இல்லை.

புது டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தால் அம்மாவின் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் பழைய விமானத்திலேயே நின்றது! திரும்ப வரிசை, திரும்ப மேற்பார்வையாளர். கவுன்டரை விட்டு நகருமுன் ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விமானம் ரத்தானதற்கான சான்றையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன், பின்னால் உதவியது.

கொல்கத்தாவில் இரவு முழுக்க நாற்காலிதான். கண்ணாடி வளையல் பெட்டியை அம்மா மடியிலிருந்து இறக்கவே இல்லை. போர்ட் பிளேயரை நெருங்கியபோது மேகம் மூடியிருக்கிறது என்று விமானி அறிவித்து வட்டமடிக்கத் தொடங்கினார். அங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு விமான நிலையம் கிடையாது, பெரும்பாலும் புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டியதுதான். அந்த நேரத்தில் அம்மா மயிலம் முருகனுக்கு ஒரு வேண்டுதலே வைத்துவிட்டார். நல்லபடியாக இறங்கினோம்.

அடுத்தது கப்பல். ஹேவ்லாக்குக்கு ஞாயிறு மதியத்துக்குத் தனியார் கப்பலில் முன்பதிவு செய்திருந்தோம். விமானமும் கப்பலும் தனித்தனி டிக்கெட். "கப்பல் ஓடியது, நீங்கள்தான் வரவில்லை" என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்கள். கடல் சரியில்லாமல் கப்பலை நிறுத்தினால் பணம் திரும்பும். விமானம் தாமதமாகி நீங்கள் தவறவிட்டால் திரும்பாது. ஆகவே விமானம் இறங்கும் நாளுக்கே கப்பல் பதிவு செய்யாதீர்கள், ஒரு இரவு இடைவெளி விடுங்கள். அன்றைக்குத் தனியார் கப்பல் எதிலும் இடமில்லை. மாமா முன்கூட்டியே வந்து ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் அரசுக் கப்பல் கவுன்டரில் காத்திருந்து, புதன் காலைக்கு டிக்கெட் எடுத்தார். அடையாள அட்டை அசல் கையில் இருக்கட்டும். இரண்டரை மணி நேரம் அலை தூக்கிப் போட்டது. அம்மா வாந்தியெடுத்துக் களைத்துப்போனார்.

வியாழக்கிழமை காலை அக்காவின் கை நிறைய வளையல். முதல் வளையலை அம்மாவே போட்டார்.

திரும்பும்போது ஒரு நாள் முன்பே போர்ட் பிளேயருக்கு வந்துவிட்டோம், சிக்கல் எதுவும் இல்லை. தனியார் கப்பல் நிறுவனத்தை மட்டும் நான் விடவில்லை. விமானம் ரத்தான சான்றை அனுப்பிய பிறகு, தொகையில் பாதியை அடுத்த பயணத்துக்கு வரவு வைப்பதாக எழுதியிருக்கிறார்கள். பணமாகவே வேண்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.