டீயில் விட்ட பால், பால் கணக்கா?

வீட்டு உணவுச் சர்வேக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வீட்டின் சாப்பாடு போதுமானதா என்று அளக்கும் உலக உணவுத் திட்டத்தின் உணவு நுகர்வு மதிப்பெண்ணில் பெரும்பாலும் தப்பு நடக்கும் இடம் டீ டம்ளர்தான்.

கணக்கு இதுதான்: கடந்த 7 நாளில் ஒவ்வொரு உணவு வகையையும் எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அதை அந்த வகையின் எடையால் (கிராம் அல்ல, சத்துக்கு ஏற்பத் தரும் எண்) பெருக்கிக் கூட்ட வேண்டும். அரிசி, கிழங்கு 2, பருப்பு 3, காய் 1, பழம் 1, மீன், இறைச்சி, முட்டை 4, பால் 4, எண்ணெய், சர்க்கரை தலா அரை.

தினமும் சோறு 14. பருப்பு 2 நாள் 6. காய் 4 நாள் 4. எண்ணெயும் சர்க்கரையும் தினமும், 7. மொத்தம் 31. 35 வரை விளிம்புநிலை, அதற்கு மேல் போனால் போதுமான உணவு உள்ள வீடு என்று கணக்கு. தினமும் டீயில் விட்ட சொட்டுப் பாலை 'பால்' என்று குறித்தால் 28 கூடி 59. உதவிப் பட்டியலிலிருந்து அந்த வீடே விழுந்துவிடும்! வாசனைக்குப் போட்ட ஒரு துண்டுக் கருவாடும் அப்படியே. ஒருவர் பங்கு 15 கிராமுக்குக் குறைவென்றால் அது மசாலா வகை, எடை பூஜ்யம்.

"பால் சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "தனியா குடிச்சீங்களா, டீயிலயா?" என்று கேளுங்கள். சமைத்தவரிடமே கேளுங்கள். கல்யாணம், திருவிழா வந்த வாரத்தைத் தவிருங்கள்.

பக்கத்து வீட்டார் கூடி நிற்கும்போது பட்டினி பற்றிக் கேட்கவே கூடாது. எந்தத் தாயும் "இல்லை" என்றுதான் சொல்வாள்.