சிங்பாஸ் அப்புறம், முதலில் குரல்

நூலகப் புத்தகங்களைக் கைத்தொலைபேசியில் தரும் லிப்பி செயலியில் ஒலிநூல் இரவல் வாங்கச் சொல்லிக்கொடுப்பது மிஞ்சிப்போனால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு வந்து சேர்வதற்குள்தான் மத்தியானம் முழுக்கப் போய்விடும்.

வாரக்கடைசிகளில் சிங்கப்பூரின் வடக்குப் பக்கம் ஒரு பொது நூலகத்தில் தொண்டூழியராக இருக்கிறேன். தமிழ் பேசும் மூத்தோர் யாராவது கைத்தொலைபேசியும் கையுமாக வந்து நின்றால் என் பக்கம் அனுப்பிவிடுவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் நன்றாக வாசித்தவர்கள். தமிழ் முரசு நாளிதழை ஓரம் விடாமல் படித்தவர்கள், நூலகத்தின் தமிழ் அடுக்கில் தொடாத புத்தகம் இல்லாதவர்கள். இப்போது கண்புரை, சர்க்கரை, இல்லையென்றால் வெறும் வயசு. அச்செழுத்து கண்ணில் நிற்பதில்லை. “காதால கேக்குற புத்தகம் இருக்காமே, அதைப் போட்டுக் குடு தம்பி” என்று ஃபோனை நீட்டுவார்கள்.

போடுவதிலேயே முதல் முட்டுக்கட்டை. செயலியை இறக்கப் போனால் ஃபோன் மறைச்சொல் கேட்கும். ஃபோனை வாங்கிக் கொடுத்தது மகன், கணக்கைத் திறந்து கொடுத்தது கடைக்காரர், மறைச்சொல் இருவருக்குமே ஞாபகம் இருக்காது. இந்த இடத்தில் மல்லுக்கட்டி நேரத்தைத் தொலைக்க வேண்டாம். லிப்பியைச் செயலி இல்லாமல் உலாவியிலேயே திறக்கலாம். லிப்பிஆப் டாட் காம் என்று தட்டினால் போதும். அந்தப் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் பார்க்கச் செயலி மாதிரியே உட்கார்ந்திருக்கும். மகன் வீட்டுக்கு வந்தபிறகு நிதானமாகச் செயலியை இறக்கிக்கொள்ளலாம். சிலர் பழைய ஓவர்டிரைவ் செயலியை வைத்துக்கொண்டு “இது திறக்கவே மாட்டேங்குது” என்று வருவார்கள். அது 2023இல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதே நிறுவனம் 2017இல் கொண்டுவந்ததுதான் லிப்பி.

அடுத்து நான் கடைப்பிடிக்கும் வரிசை, உதவிக் குறிப்புத் தாள்களில் இருக்கிற வரிசை இல்லை. தாளில் முதலில் உறுப்பியம், பிறகு உள்நுழைவு, பிறகு தேடல், கடைசியில்தான் புத்தகம். கண் சரியாகத் தெரியாத ஒருவரை அந்த வரிசையில் கூட்டிப்போனால் மறைச்சொல்லிலேயே களைத்துப்போய், “பரவால்ல தம்பி, இன்னொரு நாள் பாக்கலாம்” என்று எழுந்துவிடுவார். அந்த இன்னொரு நாள் வராது. லிப்பியில் நூலகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உள்ளே நுழையாமலே சுற்றிப் பார்க்கலாம். புத்தகத்தின் மாதிரிப் பகுதியைக் கேட்கவும் செய்யலாம். அதனால் நான் முதலில் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தைத் தேர்ந்தெடுத்து, ஏதாவது ஒரு தமிழ் ஒலிநூலின் மாதிரியைப் போட்டு, காதில் மாட்டிவிடுகிறேன். கேட்டபிறகு மறைச்சொல் தேடுகிற சலிப்பை அவர்களே தாங்கிக்கொள்கிறார்கள்.

அண்மையில் வந்த அங்கிள் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். கண்ணில் அறுவை முடிந்திருந்தது, காதும் கொஞ்சம் மந்தம். விரல்களோ தடித்துக் காய்த்துப்போனவை. திரையில் எதைத் தொட்டாலும் இரும்பை அழுத்துகிற மாதிரி அழுத்திப் பிடிப்பார். உடனே செயலிப் படங்கள் எல்லாம் நடுங்க ஆரம்பித்துவிடும். “அழுத்தாதீங்க அங்கிள், லேசா தட்டிட்டு எடுத்துடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் சுட்டுவிரலை விட்டுவிட்டு மோதிர விரலால் தட்டச் சொன்னேன். அந்த விரலில் வலு குறைவு, சரியாக வந்தது. இப்போது எல்லோருக்கும் இதையே சொல்கிறேன்.

மாதிரிப் பகுதி ஓடியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “ரொம்ப வேகமா படிக்கிறாரு.” வேகத்தைக் குறைத்துவிட்டேன். லிப்பியில் வாசிப்பு வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இளசுகள் கூட்டுவதற்கென்று நினைப்பார்கள், மூத்தோருக்குத் தேவை குறைப்பதுதான். குரல் நிதானமாக வரத் தொடங்கியதும் அங்கிள் பேச்சை நிறுத்திவிட்டார். மாதிரி முடிந்ததும், “மிச்சம் எங்கே?” என்றார். சரி, இனி சிங்பாஸுக்குப் போகலாம், அதாவது அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளத்துக்கு.

நூலகத்தில் ஏற்கெனவே உறுப்பினர் என்றாலும் பலருக்கு மைலைப்ரரி ஐடி, அதாவது நூலகத்தின் இணையக் கணக்கு, இருக்காது. அடையாள அட்டையை இயந்திரத்தில் வைத்தே இத்தனை காலமும் புத்தகம் எடுத்திருப்பார்கள். லிப்பிக்கு அந்த ஐடி வேண்டும். அதை சிங்பாஸ் வழியாக உருவாக்கலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பியம் இலவசம். ஆனால் சிங்பாஸ் என்றதும் முகம் மாறிவிடும். எங்கேயும் போடாதே, யாருக்கும் சொல்லாதே, எல்லாம் மோசடி என்று வானொலி முதல் மின்தூக்கிச் சுவரொட்டி வரை சொல்லிக்கொண்டிருக்கும் ஊரில், நூலகத்தில் நிற்கிற முகம் தெரியாத பையன் சிங்பாஸைத் திறக்கச் சொன்னால் யார்தான் தயங்கமாட்டார்கள்? அந்தத் தயக்கம் எனக்குப் பிடிக்கும். வற்புறுத்துவதில்லை. ஃபோனை நான் கையில் வாங்குவதில்லை, மறைச்சொல் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பக்கத்தின் முகவரியை அவர்களே ஒருமுறை வாய்விட்டுப் படிக்கட்டும். அதற்கும் மேலே சந்தேகம் என்றால் 1799க்கு அழைத்துக் கேளுங்கள் என்கிறேன். அது மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண்.

முகச் சரிபார்ப்பு வந்தால் இன்னொரு பாடு. திரை பல வண்ணத்தில் மின்னும். மூத்தோர் பயந்து ஃபோனை விலக்கிவிடுவார்கள். மின்னப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். அங்கிளுக்குக் கண்ணாடி இல்லாமல் திரையே தெரியவில்லை. “நேரா பாருங்க, கொஞ்சம் கிட்ட, அப்படியே” என்று நான் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல ஒருவழியாகப் பச்சை விழுந்தது.

ஐடி கிடைத்ததும் மீதி சுலபம். தேடலில் மட்டும் ஒரு விஷயம். தமிழ்ப் பெயரைத் தமிழில் தட்டினால் சில நூல்கள் வரும், ஆங்கில எழுத்தில் தட்டினால் வேறு சில வரும். ஒருவர் ழவுக்கு ஒன்று போடுவார், இன்னொருவர் வேறொன்று. அந்த வம்பே வேண்டாம் என்று வடிகட்டியில் மொழியைத் தமிழ் என்றும், வகையை ஒலிநூல் என்றும் வைத்துவிடுகிறேன். ஹெட்ஃபோன் படம் போட்டிருந்தால் கேட்பது, இல்லையென்றால் படிப்பது. இன்னும் ஓரளவு பார்வை உள்ளவர்களுக்கு மின்னூலும் நல்லதுதான். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். பேரப்பிள்ளைக்குப் படித்துக்காட்டுகிற படப் புத்தகங்களில் அது பலிக்காது, பக்கம் பக்கமாகவே இருக்கும்.

தமிழ் ஒலிநூல்கள் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெரிய கடலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாகிவிடும். உள்ளூர் எழுத்தைத் தேடி வருபவர்களை வேறு பக்கம் அனுப்புகிறேன். சிங்கப்பூர் விடுதலை அடைந்த 1965 தொடங்கி ஐம்பது ஆண்டுகளில் இங்கே வெளியான தமிழ்ப் படைப்புகளைச் சமூகமும் நூலக வாரியமும் சேர்ந்து 2015இல் மின்மயமாக்கின. தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று பெயர். அவை வாரியத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன. கேட்க முடியாது, படிக்கத்தான். ஆனால் திரையைப் பெரிதாக்கிப் பழைய நண்பர் எழுதிய கவிதையைத் தேடிப் பிடித்தவர்கள் உண்டு.

அங்கிளுக்குப் பிடித்த புத்தகத்தில் இரவல் பொத்தான் இல்லை, முன்பதிவுதான் இருந்தது. யாரோ ஏற்கெனவே எடுத்திருக்கிறார்கள் என்றேன். நம்பவில்லை. “காத்துல வர்றதுக்கு எதுக்குத் தம்பி வரிசை?” நியாயமான கேள்விதான். நூலகம் மின்னூலை உரிமத்தின் பேரில் வாங்குகிறது. பெரும்பாலான உரிமங்களில் ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான். அடுக்கில் உள்ள புத்தகம் போலவே வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் எத்தனை பிரதி, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் லிப்பி காட்டும். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, “அப்ப எடுத்தவன் லேட்டா குடுத்தா?” என்றார். கொடுக்கவே வேண்டாம் அங்கிள், 21 நாள் முடிந்தால் அதுவே திரும்பிப் போய்விடும், அபராதமும் கிடையாது என்றதும்தான் முகம் தெளிந்தது. முன்பதிவு செய்துவிட்டு, உடனே கிடைப்பவை என்று வடிகட்டி அப்போதைக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். முன்பதிவு வரும்போது கையில் வேறு புத்தகம் ஓடிக்கொண்டிருந்தால், பிறகு அனுப்பு என்று தள்ளிவைக்கலாம். வரிசையில் இடம் போகாது.

அவர் ஃபோனில் செயலி ஏற்கெனவே இருந்ததால் நூலகத்து வைஃபையிலேயே புத்தகத்தை இறக்கிக்கொண்டார். லிப்பி வழக்கமாக வைஃபையில்தான் இறக்கும். வீட்டில் வைஃபை இல்லாதவர்கள் நூலகத்தை விட்டுக் கிளம்புமுன் இதை முடித்துக்கொள்வது நல்லது. தூக்க டைமரையும் காட்டினேன். அது இல்லையென்றால் இரவில் இவர் தூங்கிவிட, புத்தகம் விடிய விடிய ஓடி, மறுநாள் கதை எங்கே விட்டது என்று தேட வேண்டியிருக்கும்.

போன வாரம் அவர் மனைவி வந்திருந்தார். “மாட்டிக்கிட்டு உக்காந்துட்டாருன்னா கூப்பிட்டா திரும்புறதில்ல. எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுய்யா, சும்மா இருக்கேன்.” அங்கிளின் ஐடியையே ஆண்ட்டியின் ஃபோனிலும் போட்டுவிடலாம்தான். ஆனால் இருவருக்கும் ஒரே அலமாரி. அவர் திருப்பிக் கொடுத்தால் இவருடைய புத்தகமும் போய்விடும், பிறகு அந்தச் சண்டைக்கு நான்தான் பஞ்சாயத்து. தனியாக எடுப்பதே மேல், காசா பணமா? ஆண்ட்டி ஃபோனில் சிங்பாஸ் செயலியே இல்லை, பழைய மறைச்சொல்லும் நினைவில்லை. சமூக மன்றத்தில் மூத்தோருக்கு ஃபோன் சொல்லித்தரும் முகப்புக்குப் போய் அதை முதலில் சரிசெய்துகொண்டு, அடையாள அட்டையோடு சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். போகும்போது, பக்திக் கதையெல்லாம் வேண்டாம், நல்ல துப்பறியும் கதையாகப் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.