இனிஷியலில் தொலையும் சைட்டேஷன்கள்

ஒரு மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைக் கையில் எடுத்ததும் எல்லோரும் தேடுவது எச்-இண்டெக்ஸை, அதாவது கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மற்ற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய தடவைகளையும் (சைட்டேஷன்) சேர்த்துத் தரும் ஒற்றை எண்ணை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அவர் பெயர் எப்படியெல்லாம் அச்சாகியிருக்கிறது என்பதை. நம் ஊர்ப் பெயர்கள் தரவுத்தளங்களில் படும் பாடு அப்படி.

சண்முகத்தின் மகள் கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ரேஷன் கார்டில் எஸ். கவிதா. ஜர்னலின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். முதல் கட்டுரையை அனுப்பிய கைடு கடைசிப் பெயர்க் கட்டத்தில் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தைத் தட்டிவிட, பட்டியலில் ‘எஸ் கே’ என்று விழுகிறது. அடுத்த கட்டுரையில் அப்பா பெயர் முழுதாகப் போய் ‘சண்முகம் கே’. மூன்றாவதில் ‘கவிதா எஸ்’. கல்யாணமாகி இனிஷியல் மாறியதும் ‘கவிதா ஆர்’. நான்கு கட்டுரை, நான்கு ஆள். நால்வருக்கும் எச் ஒன்று. இதில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு “இவ்வளவுதானா?” என்று கேட்கும் நேர்காணல் குழுக்களும் உண்டு.

பழைய முறை இவ்வளவு மோசமில்லை. புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டுவது ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963இல் வந்த அந்தக் கட்டுரையில் ஜி. என். ராமச்சந்திரனின் சொந்தப் பெயர்தான் கடைசியில் நிற்கிறது. ஊரும் அப்பா பெயரும் இனிஷியலாக முன்னால் ஒதுங்கிவிட்டன. ‘ராமச்சந்திரன் ஜி என்’ என்று தேடினால் அவரே வருவார். அதே கட்டுரையின் இரண்டாம் ஆசிரியர் சி. ராமகிருஷ்ணன். பரோடாவில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்தவர் சி. வி. ராமகிருஷ்ணன். அவர் மகன், ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் நோபல் பெற்ற வெங்கட்ராமன், அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்து வி. ராமகிருஷ்ணன். மூவருமே புரதமும் நொதியும் சார்ந்த துறைக்காரர்கள். பிரிப்பது ஓரிரு எழுத்து. இங்கே, மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: ஒற்றை இனிஷியலோடு தேடினால், அந்த எழுத்தில் தொடங்கும் எல்லா இனிஷியல்களையும் அது சேர்த்தே கொண்டுவரும். ‘சி’ என்றால் ‘சி வி’யும் வரும். இரட்டை மேற்கோள் குறிக்குள் பெயரை அடைத்து, தேடும் இடம் ஆசிரியர் புலம் என்றும் குறித்தால்தான் இப்படிச் சேர்த்துக் கொண்டுவருவது நிற்கும்.

சரிசெய்யும் வேலையை, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்கிட் எண்ணிலிருந்து தொடங்குவது நல்லது. இலவசம், 16 இலக்கம், கடைசி இடத்தில் சில சமயம் எக்ஸ் எழுத்து வரும், அது பிழையல்ல, சரிபார்ப்புக் குறி. ‘வேறு பெயர்கள்’ பகுதியில் மேலே சொன்ன நான்கு வடிவங்களையும் போட வேண்டும். முக்கியமாக, கல்லூரி மின்னஞ்சலை மட்டும் கொடுத்துப் பதியக் கூடாது. பிஎச்டி முடிந்ததும் அந்த அஞ்சல் மூடப்படும். கடவுச்சொல் மறந்தால் உள்ளே போக வழியில்லை. சொந்த மின்னஞ்சலை இரண்டாவதாகச் சேர்த்து உறுதிசெய்துவிட வேண்டும்.

அடுத்து, கட்டுரைகளையும் சைட்டேஷன்களையும் தொகுக்கும் தரவுத்தளமான ஸ்கோபஸ். சிதறிய ஆசிரியர் பக்கங்களை எல்லாம் தேடி எடுத்து, ஒன்றாக்கும்படி விண்ணப்பிக்க அதிலேயே வழி இருக்கிறது. கடைசிப் பெயர் ‘எஸ்’ என்று மட்டும் பதிவான பக்கம் பெயரைத் தட்டினால் சிக்காது. கட்டுரைத் தலைப்பை வைத்துத்தான் தேட வேண்டும். ஒன்றாக்கிய பிறகு ஆர்கிட்டோடு இணைக்க வேண்டும். முதலில் இணைத்துவிட்டுப் பிறகு ஒன்றாக்கினால் பட்டியல் குழம்பக்கூடும். உட்கார்ந்து களையெடுக்க வேண்டியதுதான்.

கூகுளின் ஆய்வுக்கட்டுரைத் தேடல் தளமான ஸ்காலரில் நோய் தலைகீழ். அங்கே குறைவு வராது, மிகை வரும். தானாகக் கட்டுரை சேர்க்கும் வசதியை விட்டுவைத்தால், அதே பெயருள்ள இயற்பியல்காரரின் மெல்லிய படலக் கட்டுரைகளும் வேதியியல்காரரின் நானோ துகள்களும் நம் பக்கத்தில் குடியேறும். எச் ஏறுகிறதே என்று சும்மா இருப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியலை ஒரு தரம் உருட்டிப் பார்க்கிற எவருக்கும் அது தெரிந்துவிடும். ‘கேட்ட பிறகே சேர்’ என்று மாற்றி வையுங்கள்.

முகவரியும் பெயரைப் போலத்தான். 1996க்கு முந்திய கட்டுரைகளில் ‘மெட்ராஸ்’, பிறகு ‘சென்னை’. வேப்பேரியில் இருப்பது சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. அதன் பல்கலைக்கழகம் இருப்பது மாதவரம் பால்பண்ணையில். ஒரே ஆய்வகத்தின் ஒரு கட்டுரை 600007 என்றும் இன்னொன்று 600051 என்றும் போனால், இரண்டு நிறுவனக் கணக்கில் ஏறும். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைக் ‘கவர்ன்மென்ட்’ சேர்த்தும் சேர்க்காமலும், ‘ஹாஸ்பிடல்’ போட்டும் போடாமலும் எழுதுவதும் இதே கதை. துறைக்குள் ஒரே வடிவத்தை முடிவுசெய்து சுவரில் ஒட்டிவிடுவது உத்தமம். பப்மெட் 2014க்கு முன் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டுமே வைத்திருந்தது என்பதால், ‘ஸ்டான்லி’ என்று முகவரியில் தேடிப் பழைய கட்டுரைகளை எண்ணினால் நடுவில் பெயர் உள்ளவர்கள் விடுபடுவார்கள்.

இப்போது எண்ணுக்கு வரலாம். எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் ஹார்ஹே ஹிர்ஷ். குறைந்தது ஆறு முறை சுட்டப்பட்ட கட்டுரைகள் ஆறு இருந்தால் எச் 6, குறைந்தது ஏழு முறை சுட்டப்பட்டவை ஏழு இருந்தால் எச் 7. கட்டுரைகளைச் சைட்டேஷன் குறையும் வரிசையில் அடுக்குங்கள்: 64, 31, 22, 15, 9, 8, 6, 3, 1, 0. ஆறாவது கட்டுரைக்கு 8, ஆறுக்குக் குறையவில்லை. ஏழாவதற்கு 6, ஏழுக்கு ஒன்று போதவில்லை. ஆகவே எச் 6. மொத்தம் 159, ஸ்காலர் காட்டும் ஐ10 என்பது பத்தும் அதற்கு மேலும் பெற்றவை, இங்கே 4. ஏழாவது கட்டுரையை யாராவது ஒரே ஒரு முறை சுட்டினால் எச் 7 ஆகிவிடும். முதல் கட்டுரை 64இலிருந்து 640 ஆனாலும் எச் அசையாது. தன் கட்டுரையைத் தானே சுட்டுபவர்கள் எந்தக் கட்டுரையைக் குறிவைப்பார்கள் என்பது இதிலிருந்தே விளங்கும். ஸ்கோபஸில் சுயச் சைட்டேஷனை நீக்கிப் பார்க்க வழி இருக்கிறது. எண் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

எண் பெரிதாக இருப்பதால் கண்டுபிடிப்பும் பெரிது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014இல் நேச்சர் இதழ் அதிகம் சுட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, முதலில் நின்றது புரத அளவைக் கணக்கிடும் லோரியின் 1951 கட்டுரை, 3 லட்சத்துக்கும் மேல். அடுத்து புரதங்களை ஜெல்லில் ஓட்டிப் பிரிக்கும் லேம்லியின் 1970 கட்டுரை, பிறகு பிராட்ஃபோர்டின் 1976 கட்டுரை. மூன்றும் ஆய்வக மேசைச் செய்முறைகள். டிஎன்ஏ இரட்டைச் சுருள் அந்த நூறிலேயே இல்லை. பெயரே பொதுச்சொல்லாகிவிட்டால் சுட்டுவதையும் விட்டுவிடுவார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று எழுதிவிட்டு 1963 கட்டுரையை அடிக்குறிப்பில் போடாமல் போவோர் ஏராளம். துறை மாறினாலும் கணக்கு மாறும். ஆட்டு நோய் வைரஸ் கட்டுரையையும் புற்றுநோய் செல் கட்டுரையையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது, காசிமேட்டில் மத்தியையும் வஞ்சிரத்தையும் ஒரே விலைக்குக் கேட்பது மாதிரி.

இந்தத் துறையில் ஆசிரியர் வரிசையைப் படிக்கத் தெரிய வேண்டும். முதல் பெயர் கை வேலை செய்தவர். கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர். இருபது பேர் கட்டுரையில் பதினோராவதாக நின்று வாங்கிய 400 சைட்டேஷனும், முதலாவதாக நின்று வாங்கிய 40உம் எச் கணக்கில் ஒரே தட்டில் ஏறும். அதனால் முதல் ஆசிரியர், கடைசி ஆசிரியர், இதழோடு கடிதத் தொடர்பு வைக்கும் தொடர்பு ஆசிரியர் என்று மூன்றாகப் பிரித்து எண்ணிப் பார்ப்பதே நேர்மை.

இம்பாக்ட் ஃபேக்டர் ஆளுக்கு உரியதே அல்ல, இதழுக்கு உரியது. ஓர் ஆண்டில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த சைட்டேஷனை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. 2023 ஜூனில் வந்த பட்டியலிலிருந்து ஒரே ஒரு தசம இலக்கம்தான் தருகிறார்கள். அதற்குப் பிந்திய ஆண்டைச் சொல்லி 5.482 என்று ஓர் இதழ் தன் முகப்பில் போட்டிருந்தால் சந்தேகப்படலாம். ‘குளோபல்’, ‘யுனிவர்சல்’ என்று முன்னொட்டுப் போட்ட ஃபேக்டர் என்றால் சந்தேகமே வேண்டாம்.

எந்த எண்ணிலும் சேராத வேலைகளும் உண்டு. மரபணு வரிசைகளின் பொதுச் சேமிப்பான ஜென்பேங்கில் சேர்த்த வரிசைகள் அதில் முக்கியம். கட்டுரை வெளிவந்த பிறகும் ‘வெளியிடப்படாதது’ என்றே பல பதிவுகள் கிடக்கின்றன; அந்த வரிசையை எடுத்துப் பயன்படுத்துபவருக்கு எந்தக் கட்டுரையைச் சுட்டுவது என்று எப்படித் தெரியும்? பதிவு எண்ணையும் கட்டுரையின் பப்மெட் எண்ணையும் ஜென்பேங்க் நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் மாற்றிவிடுவார்கள். வெளியிடும் தேதியைத் தள்ளிப்போட்டுப் பதிந்திருந்தால் அதையும் அதே அஞ்சலில் விடுவிக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தில் எழுதும்போது வெறுமனே ‘எச் 9’ என்று போடாமல், ‘எச் 6, ஸ்கோபஸ், சுயச் சைட்டேஷன் நீக்கி, எச் 9, கூகுள் ஸ்காலர்’ என்று இரண்டையும் பார்த்த தேதியோடு, கீழே ஆர்கிட் எண்ணோடு போடுங்கள். இனிஷியல் மாறியவர்கள் அதற்குக் கீழே ஒரு வரி: ‘முந்தைய கட்டுரைகள் எஸ். கவிதா, சண்முகம் கே. என்ற பெயர்களில்’.